சுடாமல் இருந்தவர்கள்

பிரேசர் டவுன், பெங்களூரு
ஆகஸ்ட் 4

அன்புள்ள ஹெர்பர்ட் அண்ணாவுக்கு லீனா எழுதுவது.

நானும் அவரும் மாதா தயவில் சுகமாக இருக்கிறோம். அவருக்கு பொம்மசந்திரா பேக்டரியில் இன்னும் நாலு வருஷ சர்வீஸ் இருக்கிறது. கம்பெனி பஸ்ஸில் போய்வந்து முதுகுவலிதான் மிச்சம். உங்கள் காது எப்படி இருக்கிறது? மமதா அண்ணியின் மூச்சிரைப்புக்கு கோபால்பூர்க் கடற்காற்று ஒத்துக்கொள்கிறதா?

கிறிஸ்துமஸ் கார்டு வரும் இடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதே என்று பார்ப்பீர்கள். அம்மா இறந்த பிறகு, இந்தப் பதினோரு வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இதுதான். போனில் பேசினால் உங்களுக்குக் கேட்காது. கேட்க வேண்டிய விஷயம் உங்களைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

நவம்பரில் இங்கே நடக்கப்போகும் உலக விளையாட்டு விழா பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். தொண்ணூறு நாட்டுக்காரர்கள் வருகிறார்களாம். நேற்று எங்கள் அபார்ட்மென்டுக்கு ராணுவத்திலிருந்து வந்தார்கள். நான்தான் இங்கே அசோசியேஷன் செக்ரட்டரி. இந்தத் தெருவில் எங்கள் கட்டடம்தான் உயரம். மொட்டைமாடியிலிருந்து ஸ்டேடியம் பக்கம் பார்த்தால் மறைப்பே இல்லை. ஆகாயத்தில் ஏதாவது வந்தால் தடுப்பதற்காக அங்கே ஒரு பீரங்கி வைக்க வேண்டுமாம். நாற்பத்தைந்து நாள். குடியிருப்பவர்கள் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

மூன்றாவது மாடி அனந்தபத்மநாபன் சார், பேங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர், உடனே எழுந்துவிட்டார். "மாடியில பீரங்கி இருக்குன்னா அடிக்க வர்றவன் முதல்ல நம்மளத்தானே அடிப்பான் மேடம்?" என்றார். அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நீங்கள் இருபத்திரண்டு வருஷம் இதே வேலையில் இருந்தவர். போடலாமா, வேண்டாமா? ஒரு வரி எழுதினால் போதும்.

தங்கை
லீனா


கோபால்பூர், ஒடிசா
ஆகஸ்ட் 23

லீனாவுக்கு அண்ணனின் ஆசிகள்.

கவரில் உன் கையெழுத்தைப் பார்த்து மமதா பயந்துவிட்டாள். யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்தாள். அவளுக்கு மூச்சிரைப்பு பரவாயில்லை. எனக்கு இடது காது முழுக்கப் போய்விட்டது, வலது காதில் அலைச் சத்தம் மட்டும் கேட்கிறது. மாப்பிள்ளையை முதுகுக்கு எண்ணெய் தேய்த்துக்கொள்ளச் சொல்.

கையெழுத்துப் போடு.

மேனேஜர் கேட்டது நல்ல கேள்வி. அந்தப் பீரங்கியைச் சுடுவதற்காக வைப்பதில்லை. இங்கே ஒன்று இருக்கிறது என்று தெரிந்து, வர நினைப்பவன் வராமலே இருந்துவிட வேண்டும். அதற்குத்தான் வைக்கிறார்கள். அதனால்தான் அரசாங்கமே பேப்பரில் சொல்கிறது. எங்கே, எத்தனை என்பதை மட்டும் சொல்லாது. நீயும் எழுதாதே. போட்டோ எடுக்காதே.

வருகிறவர்களுக்குக் குடிக்க நல்ல தண்ணீர் வை. வீட்டில் யார் யார், எப்போது லீவு என்றெல்லாம் கேட்காதே.

ஹெர்பர்ட்


பிரேசர் டவுன்
செப்டம்பர் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

எல்லோரும் நலம். அவர் முதுகுக்கு எண்ணெய் ஆரம்பித்தாயிற்று. உங்கள் கடிதம் வந்த பிறகு மீட்டிங் போட்டோம்.

ராணுவத்திலிருந்து ஒரு கேப்டன் வந்து பேசினாள். பெயர் ரக்ஷிதா, ஹாசன் பக்கத்துப் பெண். வயது இருபத்தேழுக்கு மேல் இருக்காது. என்னிடம் பத்தாம் வகுப்பில் கணக்கு படித்த பிள்ளைகள் மாதிரி இருந்தாள். அனந்தபத்மநாபன் சார் விடவில்லை. "சரிம்மா, நீங்க சுட்டீங்கன்னே வெச்சுக்குவோம். அந்த குண்டு எங்க விழும்?"

அவள் தயங்கவே இல்லை. "ஊருக்குள்ளதான் விழும் சார். சுத்தி எல்லாம் வீடுதானே. அதனால எங்க வேலையில முக்கால்வாசி, எதைச் சுடக் கூடாதுன்னு கண்டுபிடிக்கறதுதான்."

சார் பேனாவை வாங்கி முதல் கையெழுத்தை அவரே போட்டார். "வேற மாதிரி சொல்லியிருந்தா போட்டிருக்க மாட்டேன்" என்றார்.

முந்தாநாள் சிவாஜிநகரில் மாதா திருவிழா. வழக்கம்போல் காவி உடுத்தி நடந்தே வந்தவர்கள், குழந்தையைத் தோளில் வைத்தவர்கள், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் தலைகள். தேர் கிளம்பியபோது எல்லோரும் மாதாவைப் பார்த்தார்கள். நான் மட்டும் மேலே பார்த்தேன். ஐம்பது வருஷமாக அந்தத் தெருவில் நிற்கிறேன், இத்தனை தலைக்கு மேலே ஆகாயம் இப்படித் திறந்து கிடக்கிறது என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. இங்கேயும் எங்காவது ஒருவர் நமக்காக மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரோ என்று நினைத்ததும் உடம்பு சிலிர்த்துவிட்டது. நீங்கள் இத்தனை வருஷம் செய்த வேலை இதுதானா அண்ணா? நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அண்ணிக்கு என் அன்பு.

லீனா


பிரேசர் டவுன்
அக்டோபர் 21

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பதில் வரவில்லை. தபால் தாமதமாக இருக்கும்.

பன்னிரண்டாம் தேதி விடியும்போது கிரேன் வந்தது. முன்னாலேயே இன்ஜினியர் வந்து மொட்டைமாடி தாங்குமா என்று தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். தெருவே வாசலில் நின்றது. துணியை எடுத்தார்கள். இரட்டைக் குழல், அதன் நடுவே ஒரு ஆள் உட்காரும் சீட்டு, காலுக்கு ஒரு பெடல். அவ்வளவு பெரிய இரும்பு எங்கள் தண்ணீர்த் தொட்டிக்கு மேலே அந்தரத்தில் மெதுவாகச் சுற்றியபடி போனது. என் வீட்டுக்காரர்கூட, பேக்டரியில் இருபது வருஷம் கிரேன் பார்த்தவர், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஏன் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். மாடிப்படி பெருக்கும் முத்தம்மா மேலே போய் அதற்குக் குங்குமம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சிப்பாய்கள் யாரும் தடுக்கவில்லை.

சீட்டில் உட்காருகிறவர் ஹவில்தார் முனிகிருஷ்ணன். பங்காருப்பேட்டைக்காரர், நம் தமிழ்தான். என்னை "டீச்சர்" என்று கூப்பிடுகிறார்.

முதல் வாரம் அவர்களுக்குப் பெரிய தொல்லை பருந்துகள். சிவாஜிநகர் கறிக்கடைகளால் இந்தப் பக்கம் எத்தனை பருந்து என்று உங்களுக்குத் தெரியும். அவர்களுடைய ரேடார் திரையில் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. புள்ளி வரும்போதெல்லாம் ஓடிப் போய் உட்கார வேண்டும். பதினான்கு வருஷமாக அந்த மாடியில் துணி காயப்போடுகிறவள் நான். கேப்டனிடம் சொன்னேன்: ஒன்பதரைக்கு வெயில் ஏறியதும் வட்டம் போட ஆரம்பிக்கும், பதினொன்றுக்குக் கறிக்கடைக் கழிவு கொட்டும்போது எல்லாம் அந்தப் பக்கம் சாயும், சாயங்காலம் ஐந்தரைக்குள் அல்சூர் ஏரி மரங்களுக்குத் திரும்பிவிடும், ஆறு மணிக்கு மேல் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது.

அவள் நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுதிக்கொண்டாள். மூன்று நாள் என்னைப் பக்கத்தில் நிற்கவைத்துச் சரிபார்த்தாள். "மேடம், இது எங்க மேப்ல இல்ல" என்றாள்.

லீனா


கோபால்பூர்
நவம்பர் 1

அன்புத் தங்கைக்கு,

மமதா படுத்து எழுந்தாள், அதனால் தாமதம். இப்போது நன்றாக இருக்கிறாள்.

குழல் எத்தனை என்று எழுதியிருக்கிறாய். எழுதாதே என்றேன். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன். ஆனால் பருந்து பற்றிய பக்கத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. மூன்று முறை படித்தேன். ஆறு மணிக்கு மேல் பறவை இல்லை என்பது அவர்களுக்கு நீ செய்த பெரிய உதவி. அதற்குப் பிறகு புள்ளி வந்தால் அது பறவை இல்லை.

பறவை சிறகை அடிக்கும், சாயும், மனம் மாறும். இயந்திரம் நேராக வரும். ஆனால் நேராக வருவதெல்லாம் எதிரி இல்லை. அதை அறிகிறவன் சீட்டில் இருக்கிறவன்தான். அந்த முனிகிருஷ்ணனின் காலைக் கவனி. மிதித்தால் சுடும் அந்தப் பெடலுக்குப் பக்கத்தில் அவன் கால் அசையாமல் இருக்கிறதா? அவனுக்குப் பதிலாக உட்காருகிறவனுக்கும் அப்படியா?

(இதற்குக் கீழே இரண்டு வரி எழுதி அடித்துவிட்டேன். படிக்க முயற்சி செய்யாதே.)

ஹெர்பர்ட்


பிரேசர் டவுன்
நவம்பர் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

அண்ணி தேறியது கேட்டு மெழுகுவர்த்தி ஏற்றினேன். இங்கே நாங்கள் நலம். நடந்ததை உங்களிடம் மட்டும்தான் சொல்ல முடியும்.

பதினைந்தாம் தேதி சனிக்கிழமை தொடக்க விழா. எங்களுக்கு மாடிக்குப் போக அனுமதி இல்லை. சாவி என்னிடம் இருந்ததால் மாடிக் கதவுக்குக் கீழே படியில் உட்கார்ந்திருந்தேன். எல்லா வீட்டிலும் டிவி ஓடியது. ஸ்டேடியத்தின் ஆரவாரம் முதலில் ஆகாயத்தில் கேட்டு, கொஞ்சம் பிந்தி டிவியில் வந்தது.

ஆறே கால் இருக்கும். மேலே பூட்ஸ் சத்தம். பிறகு எதுவுமே இல்லை. அவர்கள் இந்தியில் பேசியதை நான் தமிழில் எழுதுகிறேன்.

"காக்ஸ் டவுன் பக்கமிருந்து ஒண்ணு வருது மேடம். நேரா வருது."

"முனிகிருஷ்ணன், தெரியுதா?"

"தெரியுது மேடம். நாலு விசிறி. கீழ ஏதோ தொங்குது."

"என்ன தொங்குது?"

நான் ஜெபம் சொல்ல ஆரம்பித்தேன்.

"மேடம், எனக்கு இன்னும் பத்து செகண்ட் குடுங்க."

"குடுத்தேன்."

அந்தப் பத்து விநாடியும் டிவியில் யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவர் குரல், சாப்பாடு போதும் என்று சொல்வதைப் போல அமைதியாக வந்தது. "கேமரா மேடம். வெடி இல்ல. கண்ணாடி மின்னுது."

வேறொரு கட்டடத்தில் இருந்தவர்கள் ஏதோ அலையை அனுப்பி அதைக் கீழே இறக்கிவிட்டார்கள். கல்யாண மண்டபத்தில் வீடியோ எடுக்க வந்தவர் தடை இருப்பது தெரியாமல் பறக்கவிட்டதாம். மொத்தம் முப்பத்தெட்டு விநாடி. அறுபதாயிரம் பேர் பாட்டுக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு முனிகிருஷ்ணன் பையோடு இறங்கி வந்தார். காப்பி கொடுத்தேன். ஊருக்குப் போவதாகச் சொன்னார். அவருடைய அம்மா சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு இறந்துவிட்டார்களாம். நாலு மணிக்கு எடுத்துவிட்டார்கள். பங்காருப்பேட்டை இங்கிருந்து இரண்டு மணி நேரம்கூட இல்லை.

"லீவு குடுக்கலையா?" என்று கேட்டேன்.

"கேப்டன் மேடம் ஜீப்பே ரெடி பண்ணிட்டாங்க டீச்சர். நான்தான் போகல. எனக்குப் பதிலா உக்கார்றவன் நல்லவன்தான், ஆனா கால் அவசரம். நான் போயிருந்தா அந்த கேமராவை அவன் சுட்டிருப்பான். கீழ பூரா ஜனம்."

காப்பியைக் குடித்துவிட்டு டம்ளரை அவரே கழுவி வைத்தார். "ஊர்ல கேப்பாங்க. ஒண்ணும் நடக்கலையே, அப்புறம் ஏண்டா வரலன்னு. அதுக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

அவரைக் கும்பிடுவதா, பெற்றவள் முகத்தைப் பார்க்காமல் இருந்துவிட்டாயே என்று திட்டுவதா, எனக்குத் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. அம்மா இறந்தபோது உங்களுக்கு லீவு கிடைக்கவில்லை என்று நீங்கள் சொல்லியும், நான் இத்தனை வருஷம் மனதில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். லீவே கொடுக்காதபோது நீங்கள் என்ன செய்வீர்கள்? என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

லீனா


பிரேசர் டவுன்
டிசம்பர் 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

நலமா? மூன்று வாரமாகப் பதில் இல்லை. அண்ணிக்கு உடம்பு சரியில்லையா என்று கவலையாக இருக்கிறது. ஒரு வரி போடுங்கள்.

விழா முடிந்து, கிரேன் வந்து, எல்லாம் போய்விட்டது. மாடியில் நாலு துளையை சிமென்ட் பூசி அடைத்திருக்கிறார்கள். கேப்டன் கிளம்பும்போது அனந்தபத்மநாபன் சார் அவளுக்குச் சல்யூட் அடிக்கப் போய், எப்படி அடிப்பது என்று தெரியாமல் கையைக் கூப்பிவிட்டார். மறுநாள் பேப்பரில் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி: விழா அசம்பாவிதம் ஏதுமின்றி இனிதே நிறைவுற்றது. அதை வெட்டி பைபிளில் வைத்திருக்கிறேன்.

நான் மன்னிப்புக் கேட்டது உங்களுக்கு வருத்தமாகிவிட்டதோ?

லீனா


கோபால்பூர்
டிசம்பர் 20

லீனாவுக்கு,

மமதா நலம். நானும் நலம். இந்தக் கடிதத்தை ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நீ மன்னிப்புக் கேட்காதே. எனக்கு லீவு கொடுத்தார்கள்.

அந்த ஜனவரியில் வடக்கே ஒரு ஊரில் இருந்தோம். பெயர் வேண்டாம். பெரிய மைதானம், லட்சம் பேர் கூடுகிற விழா. பக்கத்தில் ஒரு கட்டடத்து மாடியில் நான் சீட்டில். அம்மாவுக்குக் கடைசி நேரம் என்று உன் செய்தி முந்தின நாளே வந்தது. மேஜர் கூப்பிட்டு, "இன்றைக்கே போ, டிக்கெட் நான் பார்க்கிறேன்" என்றார். எனக்குப் பதிலாக உட்கார வேண்டியவன் வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பயிற்சியில் அவன் இரண்டு தடவை உத்தரவு வருவதற்கு முன்பே பெடலை மிதித்தவன். எதிரி வருவான் என்று நான் பயப்படவில்லை லீனா. எதிரி இல்லாத ஒன்று வந்துவிடுமோ என்றுதான் பயந்தேன். விழா முடிந்து போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

வந்தது. பனிமூட்டத்தில் வழி தவறிய சின்ன விமானம், ரேடியோ வேலை செய்யவில்லை. மைதானத்தைப் பார்த்து நேராக வந்தது. "தயார்" என்று உத்தரவு. கால் பெடல்மேல் இருந்தது. குறிபார்க்கும் கண்ணாடிக்குள் அதன் ஜன்னல் தெரிந்தது. உள்ளே ஒரு பெண், தனியாக, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக்கொண்டிருந்தாள். வழி தேடுகிறவர் திரும்பிப் பார்ப்பதைப் போல. தாக்க வருகிறவர் அப்படிப் பார்க்க மாட்டார். "வழி தவறிய பயிற்சி விமானம், கொஞ்சம் பொறுங்கள்" என்று கத்தினேன். மேஜர் பொறுத்தார். அது எங்கள் தலைக்கு மேலே திரும்பிப் போய்விட்டது. விமானப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து மூன்றே மாதம் ஆன பிள்ளை என்று பிறகு சொன்னார்கள். பத்திரமாக இறங்கிவிட்டாள். தன்னை யார் பார்த்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் அம்மா இறந்த செய்தி வந்தது. பன்னிரண்டு மணிக்குப் போய்விட்டாளாம். ஏறக்குறைய அந்த விமானம் வந்த அதே நேரம்.

போனில் நீ "ஏன் வரல?" என்று கேட்டாய். என்ன சொல்வேன்? ஒன்றும் நடக்கவில்லை, அதற்காக இருந்துவிட்டேன் என்றா? லீவு இல்லை என்று சொல்லிவிட்டேன். அந்தப் பொய்யோடு உன் வீட்டு வாசலில் வந்து நிற்க முடியவில்லை. அதனால்தான் ரிட்டயர் ஆனதும் இங்கேயே தங்கிவிட்டேன். முனிகிருஷ்ணனைப் பற்றி நீ எழுதியபோது, யாரைப் பற்றி எழுதுகிறோம் என்று உனக்குத் தெரியாது.

அம்மா கடைசியில் என்னைக் கேட்டாளா? இதைக் கேட்க எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது.

ஹெர்பர்ட்


பிரேசர் டவுன்
ஜனவரி 17

அன்புள்ள அண்ணாவுக்கு,

இங்கே சுகம். கிறிஸ்துமஸ் கேக் செய்யவில்லை, மனம் ஓடவில்லை. முதல் வாரம் உங்கள்மேல் எனக்குப் பயங்கரக் கோபம். அதை மறைக்கவில்லை. இரண்டாவது வாரம் அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டேன். இப்போது அவளுக்கு முப்பது வயது இருக்கும். எங்கேயோ ஒரு வீட்டில் சமைத்துக்கொண்டோ, பெரிய விமானம் ஓட்டிக்கொண்டோ, பிள்ளையைத் திட்டிக்கொண்டோ இருப்பாள். அம்மாவின் வயிற்றில் பிறந்த ஒருவர் பொறுத்ததால் அவள் இருக்கிறாள். இதை நினைத்தால் கோவிலில் மணி அடிக்கும்போது நிற்பதைப் போல நிற்கத் தோன்றுகிறது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் சொல்கிறேன். அதற்கு நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்.

அம்மா உங்களைக் கேட்டார்கள். அன்று காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தார்கள். கண் தெரியவில்லை என்பது உங்களுக்கே தெரியும். பதினோரு மணிக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணன் வந்துட்டாரும்மா" என்றேன். என் வீட்டுக்காரரைக் கண்ணால் கூப்பிட்டேன். இவர் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினார். அம்மா இரண்டு கையாலும் பிடித்துத் தடவிப் பார்த்தார்கள். மெஷின் வேலை செய்கிற கை. "ஏண்டா ஹெர்பர்ட்டு, கை இப்படிக் காப்புக் காய்ச்சிப் போச்சு" என்றார்கள். அப்புறம் சிரித்தார்கள். நிஜமாகச் சிரித்தார்கள் அண்ணா. அந்தக் கையை விடவே இல்லை. பிடித்தபடியே பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

இதை அன்றே உங்களிடம் சொல்லியிருக்கலாம். நீங்கள் வராததற்கு அனுபவிக்கட்டும் என்று வேண்டுமென்றே சொல்லாமல் இருந்தேன். அம்மா உங்களைத் தேடித் தேடிப் போனதாக நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரிந்தேதான் சொல்லவில்லை. இவர் எத்தனையோ தடவை "எழுதிப் போடு லீனா, பாவம்" என்றார். நான் கேட்கவில்லை.

உங்கள் பொய்க்கு ஒரு காரணம் இருந்தது. நான் மறைத்ததற்குக் கோபத்தைத் தவிர ஒன்றும் இல்லை.

லீனா


கோபால்பூர்
ஜனவரி 28

அன்புத் தங்கை லீனாவுக்கு,

நானும் மமதாவும் நலம். உன் கடிதத்தை அவளுக்கு ஒடியாவில் சொன்னேன். பாதியில் என்னால் முடியவில்லை, அவள் பேனாவை எடுத்துக் கையில் கொடுத்து எழுது என்றாள்.

பிப்ரவரி பதினான்காம் தேதி பிரசாந்தி எக்ஸ்பிரஸில் இரண்டு பேரும் ஏறுகிறோம். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பெங்களூரில் இறங்குவோம். ஸ்டேஷனில் நீ பின்னாலிருந்து கூப்பிட்டால் எனக்குக் கேட்காது, முன்னால் வந்து நில். மாப்பிள்ளைக்கு அன்று பேக்டரி இருந்தாலும் லீவு போட்டுவிட்டு வரச் சொல். வேறு எதுவும் அவர் கொண்டுவர வேண்டாம். அந்தக் கையை நான் ஒரு தடவை பிடித்துக்கொள்ள வேண்டும்.

உன் அண்ணன்
ஹெர்பர்ட்